டீசலும் பெண்களும்

"டீசலும் பெண்களும்" என்ற தலைப்பைச் சுற்றிக் கிறிஸ்டினா மேடம் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருந்தார். வட்டம் மிக அழகாக, பிசிறில்லாமல் இருந்தது. அதனால்தான் ஹரிஹரனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இது என்ன பாடம் சார்?"

"படகுக்கு டீசல் போடுற பொருளாதாரம், மேடம். மூணாவது அலகு."

"இதுல பெண்கள் எங்க வர்றாங்க?"

"தலைப்புல வர்றாங்க, மேடம்."

அவர் பக்கத்தைப் புரட்டினார். ஐஸும் பெண்களும். ஏற்றுமதியும் பெண்களும். கலங்கரை விளக்கமும் பெண்களும். கடைசித் தலைப்பு வந்தபோது ஹரிஹரனே தலையைக் குனிந்துகொண்டான்.

ஹரிஹரன் பொன்னேரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். அனுப்பம்பட்டில் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவன். கடலைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் படித்துத் தெரிந்ததுதான். ஆனாலும் 'கடலோரப் பொருளாதாரம்' என்று ஒரு விருப்பப் பாடத்தை ஆசை ஆசையாக எழுதி, மூன்று வருடமாக நடத்தி வந்தான். இந்த வருடம் அதில் சேர்ந்தவர்கள் நான்கு பேர். நாற்பது பேர் சேராவிட்டால் ஜூன் மாதம் பாடம் மூடப்படும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். பாடம் மூடப்பட்டால் அதைச் சொல்லிக்கொடுப்பவன் எங்கே போவான் என்பதை அவர் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக ரயில் நிலையம் இருக்கும் திசையைப் பார்த்தார்.

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. பெண்ணியமும் பாலினமும் பற்றிய சான்றிதழ்ப் படிப்பு ஒன்றைக் கல்லூரி புதிதாகத் தொடங்கியிருந்தது. அதன் பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு பாடத்தை எல்லா மாணவரும் படித்தே ஆகவேண்டும். பட்டியலில் ஏறிவிட்டால் நாற்பது பேர் தானாக வந்து உட்காருவார்கள். எந்தப் பாடம் ஏறும், எது ஏறாது என்று முடிவு செய்கிற கமிட்டிக்குத் தலைவர், ஆங்கிலத் துறை கிறிஸ்டினா மேடம்.

"பாருங்க ஹரிஹரன், பெண்ணுங்கற வார்த்தை எத்தனை தடவ வருதுன்னு நான் எண்ணிக்கிட்டு உக்கார மாட்டேன்" என்றார் அவர். "யாரு முடிவெடுக்கறாங்க, யாரு வாசலுக்கு வெளிய நிக்கறாங்க, ஏன் அப்படின்னு உங்க பாடம் கேக்குதா? கேட்டா அது எங்க பாடம். கேக்கலைன்னா நீங்க டீசலுக்குப் புடவை கட்டி விட்டாலும் அது டீசல்தான்."

"திருத்திக் குடுத்துடறேன், மேடம்."

"குடுங்க. ஆனா இனிமே என்னை நேர்ல பாக்க வராதீங்க, போனும் பண்ணாதீங்க. ஆளாளுக்குச் சிபாரிசோட வர்றாங்க. பட்டியல் வெளிவர்ற வரைக்கும் எதுவா இருந்தாலும் உங்க வகுப்பு மாணவர் பிரதிநிதி மூலமாத்தான்."

நான்கு பேர் வகுப்பின் பிரதிநிதி வெண்ணிலா. பழவேற்காடு ஏரிக்குள், பசியாவரத்துக்கும் அப்பால் கிடக்கும் புன்னைத்திட்டு அவள் ஊர். தினமும் படகும் பஸ்ஸும் மாறி வருவாள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. இவளைவிட நம்பிக்கையான தூது கிடைக்காது என்று ஹரிஹரன் நிம்மதிப்பட்டான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து பாடத்தை முழுதாக மாற்றி எழுதினான். டீசலிலிருந்தும் ஐஸிலிருந்தும் பெண்களை இறக்கி விட்டான். அதற்குப் பதில் பாடு முறையைப் பற்றி மூன்று அலகுகள் எழுதினான். ஏரியில் எறா என்கிற இறால் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான். யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி, வருடத்துக்கு ஒருமுறை பேர் எழுதிய சீட்டைப் பானையில் போட்டுக் குலுக்கி முடிவு செய்யும். அதுதான் பாடு. பானையில் ஆண்களின் பேர் மட்டும் விழும். அப்பனுக்குப் பிறகு மகன். மகன் இல்லாமல் செத்தவனின் பேரை அடித்துவிடுவார்கள், அவன் மனைவி உயிரோடு இருந்தாலும். 'பானைக்கு வெளியே நிற்பது யார்?' என்று அந்தப் பகுதிக்குத் தலைப்பு வைத்தபோது, தன் கை எழுதியதைத் தானே நம்பாதவன் மாதிரி ஹரிஹரன் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை வெண்ணிலா அதை வாங்கிக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும் மேசைப் பக்கம் வந்து நின்றாள்.

"மேடம் படிச்சாங்க சார்."

"என்ன சொன்னாங்க?"

"பாடு பத்தி எழுதினது நல்லா இருக்குன்னு சொன்னாங்க."

ஹரிஹரனின் மூச்சு திரும்பி வந்தது.

"ஆனா," என்றாள் வெண்ணிலா, "வீட்டுல உக்காந்து கேட்டா போதுமா, பாடு போடுற எடத்துல போய்க் கேக்க வேணாமான்னு."

"போய்க் கேக்கணுமா?"

"வீடியோ எடுத்துக் குடுத்தா நல்லதுன்னு சொன்னாங்க சார். பொம்பளைங்க பாடு கூட்டத்துல உக்காந்த மாதிரி."

ஹரிஹரன் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டான். அந்த வாரம் முழுக்க ஆங்கிலத் துறை இருக்கிற மாடிப் பக்கமே அவன் போகவில்லை. எதிரில் பட்டுவிட்டால் அதுவே சிபாரிசு ஆகிவிடுமோ என்று பயம்.

புதன்கிழமை புன்னைத்திட்டுக்குப் போய் ஊர்த் தலைவர் சிங்காரத்தைப் பார்த்தான்.

"பொம்பளைங்களா? பாடு கூட்டத்துலயா?" என்றார் சிங்காரம். வலையில் ஒரு கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா சாரே, நல்லாத்தான கீற?"

"நெஜக் கூட்டம் இல்லீங்க. மாதிரிக் கூட்டம். சும்மா ஒரு மணி நேரம், வீடியோவுக்காக."

"நெசக் கூட்டம் அடுத்த மாசம்தான். வீடியோவுல யாரு வருவா?"

"நீங்கதான். தலைவர்னு பேர் போட்டு."

சிங்காரம் ஏரியைப் பார்த்தார். ஏரி அன்றைக்கு இன்னும் எதையும் முடிவு செய்யாதது போல, பாதி வானமாகவும் பாதி தண்ணீராகவும் கிடந்தது.

"கூலிங் கிளாஸ் போட்டுக்கலாமா?" என்று கேட்டார்.

ஆக, தலைவர் சம்மதித்தார். சம்மதிக்காதவர்கள் பெண்கள்தான். மகன் இல்லாத விதவைகள் திட்டில் ஆறு பேர். அவர்களில் வாயுள்ளவள் எல்லம்மா. அவள் வெண்ணிலாவின் அம்மா.

"வெள்ளிக்கெழம காலைல உக்காரணுமா? நாங்க உக்காந்துக்கினா கொயாத் தண்ணிய யாரு புடிக்கிறது? மீனை யாரு காய வெக்கிறது? உங்க காலேசு வந்து காய வெக்குமா?"

"அம்மா சொல்றது சரிதான் சார்," என்றாள் வெண்ணிலா, எங்கோ பார்த்தபடி. "அந்த வேலையெல்லாம் அன்னைக்கு யார் செஞ்சாங்கன்னு மேடமும் கேப்பாங்க."

அதுவும் நோட்டில் ஏறியது. வெள்ளிக்கிழமை காலை ஆறு பெண்களின் வேலையை ஹரிஹரனும் அவனுடைய மற்ற மூன்று மாணவர்கள் ஹேமந்த், ஜெஸ்ஸி, பிரவீனும் செய்வது என்று முடிவாயிற்று.

திட்டின் குழாயில் காலையில் முக்கால் மணி நேரம்தான் தண்ணீர் வரும். ஹேமந்த் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றான். வரிசை என்றால் ஒருவர் பின்னால் ஒருவர் என்று நினைத்திருந்தான். ஒன்பது பெண்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். பத்தாவதாக வந்தவளிடம், "அக்கா, நான் லைன்ல நிக்கறேன்" என்றான். "நில்லுப்பா, யாரு வேணாம்னா?" என்றாள் அவள். தண்ணீர் நின்றபோது அவன் குடங்களில் இருந்தது சத்தம் மட்டும்தான்.

ஜெஸ்ஸி அருவாமனையில் உட்கார்ந்து விரலில் துணி சுற்றிக்கொண்டு எழுந்தாள். மணலில் பரப்பிய மீனுக்குக் காவல், ஹரிஹரன். இடுப்பில் எல்லம்மாவின் அக்கா பேத்தி வேறு. அது அவனுடைய சிவப்புப் பேனாவை எடுத்துச் சப்பிக்கொண்டிருந்தது. வடக்கே வந்த காக்காயை விரட்டினால் தெற்கே வந்தது கொத்தியது. காக்காய்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருப்பது அரைமணி நேரம் கழித்துத்தான் அவனுக்குப் புரிந்தது. அதற்குள் நாய்க்கும் அது புரிந்திருந்தது.

"சாரே, மீன் இன்னும் கீதா?" என்று தூரத்திலிருந்து எல்லம்மா கேட்டாள்.

"கொஞ்சம் இருக்குங்க."

"எவ்ளோ?"

"நாய் வாயில இருக்கறதையும் சேக்கணுமா?"

அந்த நேரத்தில்தான் வெண்ணிலா போனைப் பார்த்தபடி வந்தாள்.

"சார், ஒரு சேதி. நடிச்ச மாதிரி இருந்தா பட்டியல்ல சேராது, நெஜமாவே போடுற மாதிரி எல்லாம் சரியா இருக்கணும்னு."

"எல்லாம்னா?"

"கற்பூரம். பானை. அந்த ஆறு பேரோட பேரும் பானைக்குள்ள. அப்புறம் சீட்டை எடுக்கறவங்க, ஊருல ஒறவே இல்லாத வெளியூர்க்காரரா இருக்கணும்."

"அது எதுக்கு?"

"ஒறவு இருந்தா ஓரவஞ்சனை வருமேன்னு எங்க ஊர்ல அப்படித்தான் சார். போன வருசம் தபால்காரர் எடுத்தார்."

ஹரிஹரன் சுற்றிலும் பார்த்தான். உறவே இல்லாத வெளியூர்க்காரன் இடுப்பில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தான்.

அம்மன் கோயில் வாசலில் கூட்டம் கூடியது. சிங்காரம் புது வேட்டியும் கூலிங் கிளாஸுமாக நடுவில் உட்கார்ந்தார். மற்ற ஆண்கள் முப்பது பேர் சிரித்துக்கொண்டே வட்டமாக உட்கார, ஆறு பெண்கள் சிரிக்காமல் உட்கார்ந்தார்கள். பிரவீன் போனை உயர்த்திப் பிடித்தான். பேர்களைச் சீட்டில் எழுதும்போது, "பொம்பள பேரையும் எய்துடா, காமிராவுக்குத்தான" என்று சிங்காரமே தாராளமாகச் சொன்னார். கற்பூரம் எரிந்தது. ஹரிஹரன் கண்ணை மூடிப் பானைக்குள் கைவிட்டான்.

முதல் சீட்டு: எல்லம்மா.

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. முதல் சீட்டுக்காரருக்கு முகத்துவாரத்தை ஒட்டிய பாடு. வருடத்திலேயே அதிகமாக எறா விழுகிற இடம்.

இரண்டாவது தேவதாஸ் என்ற மீனவர். பதினொரு வருடமாக அவருக்குச் சேறும் நண்டும் மட்டுமே உள்ள பாடுகள்தான் விழுந்துகொண்டிருந்தன. அவர் சிரிப்பதை நிறுத்தினார். சீட்டுகள் வரிசையாக வந்தன. பெண்களின் பேர்கள் ஐந்தாவது, ஒன்பதாவது என்று இடையிடையே ஏறி வந்தன. முப்பத்தேழாவதாக, பானையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிச் சீட்டில் சிங்காரத்தின் பேர் இருந்தது.

"நல்லா இருந்துச்சு சாரே" என்று சிங்காரம் எழுந்து வேட்டியைத் தட்டினார். "அந்தச் சீட்டையெல்லாம் கொளுத்திடுங்கடா."

"இன்னாத்துக்குக் கொளுத்தணும்?" என்றார் தேவதாஸ்.

"மாதிரிதானய்யா."

"கற்பூரம் எரிஞ்சிச்சா?"

"எரிஞ்சிச்சு."

"வெளியூரான் கைய வுட்டானா?"

"வுட்டான்."

"அப்பால இன்னா மாதிரி? அம்மனாண்ட போய் நாங்க சும்மா வெளாண்டோம்னு நீ சொல்லு. நான் சொல்ல மாட்டேன்பா."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். போட்ட சீட்டைத் திரும்பப் போடக் கூடாது. யாரோ ஒரு காலத்தில் திரும்பப் போட்டு, மூன்று வருடம் ஏரியில் எறாவே இல்லாமல் போன கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். சீட்டில் முன்னால் வந்தவர்களுக்கு அந்தக் கதை மிக நன்றாக நினைவிருந்தது. பின்னால் வந்தவர்கள், அது வேறு ஊர்க் கதை என்றார்கள். இதற்குள் பிரவீன் வீடியோவைத் தன் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டிருந்தான். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஒருவர் சிங்காரத்துக்குப் போன் செய்து, 'இன்னா தலைவரே, கடைசியாமே' என்று விசாரித்தார்.

"ஏம்மா எல்லம்மா," என்று சிங்காரம் குரலைத் தணித்தார், "பாடு வந்தா வலை யாரு கட்றது? நீயா?"

"எம் புருசன் எயிந்துக்க முடியாம படுத்திருந்த ரெண்டு வருசம், அந்தாளு பாட்டுல யாரு வலை கட்டினதுன்னு நெனச்ச?" என்றாள் எல்லம்மா. "தலைப்பாவக் கட்டிக்கினு போனேன். நீயே ரெண்டு தபா எங்கிட்டப் பீடி கேட்ட."

தலைவர் கூலிங் கிளாஸைக் கழற்றினார். பிறகு ஏதோ தோன்றி, அவசரமாக ஹரிஹரன் பக்கம் திரும்பி அவன் தோளில் கை போட்டார்.

"சாரே, நல்லா ரோசன பண்ணு. இந்தத் திட்டுல உனக்கு ஒறவு கீதா? அத்த, சித்தி, பொண்ணு கட்டினு வந்தவங்க, யாராச்சும்? ஒருத்தர் கெடச்சாக்கூடப் போதும், சீட்டு செல்லாது. நீ பாட்டுக்கு வூட்டுக்குப் போய்ச் சேரலாம்."

ஒரு பொய். ஒரே ஒரு சித்தி. அதைச் சொன்னால் உடனே படகு வரும், சட்டை கிழியாமல் அனுப்பம்பட்டுக்குப் போகலாம். ஆனால் வீடியோ செல்லாத சீட்டின் வீடியோ ஆகிவிடும். மேடம் சிவப்பு மையில் இன்னொரு அழகான வட்டம் போடுவார். முதல்வர் ஜன்னலைப் பார்ப்பார். ஹரிஹரன் எல்லம்மாவைப் பார்த்தான். வழுக்குகிற மீனைப் பிடித்திருப்பது போல, அவள் அந்தச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இல்லீங்க," என்றான். "எனக்கு இங்க யாரும் இல்ல. எங்க ஊர்லயே ரொம்பக் கம்மி."

சிங்காரம் கையை எடுத்துக்கொண்டார். "சர்தான். இவனை எவன் படகுல ஏத்திக்கினு போறான்னு நானும் பாக்கறேன்."

"நான் ஏத்திக்கினு போறேன்" என்றாள் எல்லம்மா.

அவள் கோல் ஊன்றித் தள்ள, படகு நழுவிப் போனது. மாணவர்கள் மூவரும் மீன் நாற்றத்தோடு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹரிஹரன் வெண்ணிலா பக்கம் திரும்பினான்.

"வெண்ணிலா, இது பட்டியல்ல சேருமா? மேடத்துக்குப் போதுமா?"

"போதும் சார்," என்றாள் வெண்ணிலா. மூன்று வருடத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தான். "இதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

சனி, ஞாயிறு கழிந்து, திங்கட்கிழமை வெண்ணிலா கல்லூரிக்கு வரவில்லை. அம்மாவுக்கு விழுந்த பாட்டுக்கு அன்றைக்கு வலை தயார் செய்யவேண்டுமாம். ஹரிஹரனால் பொறுக்க முடியவில்லை. வீடியோ இருந்த பென் டிரைவை ஒரு உறையில் போட்டு ஒட்டி, மேடத்தின் கண்ணில் படாமல் உதவியாளரிடம் கொடுத்துவிடலாம் என்று, சுவரோரமாகவே மாடியேறி ஆங்கிலத் துறைக்குப் போனான். வாசலில் உதவியாளர் ராமன் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம் என்னைப் பாக்கக் கூடாது ராமண்ணே," என்று கிசுகிசுத்தான். "அவங்க கேட்ட வீடியோ. நான் வந்ததாச் சொல்லாதீங்க, உள்ள மேசை மேல வெச்சுடுங்க, போதும்."

ராமன் உறையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னா வீடியோ சார்? மேடம் போன திங்கக்கெழமையே உங்க பாடத்தைப் பட்டியல்ல சேத்துக் கையெழுத்துப் போட்டு, லெட்டரை அந்த வெண்ணிலாப் பொண்ணு கையில குடுத்துட்டு, அன்னைக்கு மத்தியானமே பதினஞ்சு நாள் லீவுல திருநெல்வேலிக்குப் போயிட்டாங்களே."